வெள்ளைப் புடவையும் ஞானப்பழமும்

பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃப் 1963 அக்டோபரில் இறந்தபோது, திருச்சபை முறைப்படி இறுதித் திருப்பலி நடத்த பாரிஸ் பேராயர் சம்மதிக்கவில்லை. மணமுறிவு, மறுமணம், ஊரறிந்த காதல்கள் என்று காரணங்கள் இருந்தன. பியாஃபோ லிசியே நகரத்துப் புனித தெரேசாள் மீது தீராத பக்தி கொண்டவர். குத்துச்சண்டை வீரர் மார்செல் செர்தான்மேல் கொண்ட காதலில் அவர் எழுதிய ‘காதல் கீதம்’, காதலர்களைக் கடவுளே சேர்த்துவைப்பார் என்ற நம்பிக்கையோடு முடிகிறது. 1949 அக்டோபர் 28 அன்று செர்தான் விமான விபத்தில் மாண்டார். அன்றிரவும் பியாஃப் நியூயார்க்கில் மேடையேறிப் பாடினார்.

காதலனை நினைத்துப் பாடும் பாட்டு பக்தியில் சேருமா? தாமிரபரணிக் கரைக்காரருக்குக் கேள்வியே வேடிக்கையாகப் படலாம். ஆழ்வார்திருநகரியின் நம்மாழ்வார், பராங்குச நாயகியாகித் திருமாலுக்காக ஏங்கியவர் அல்லவா? அறிவு தெளிந்து நிற்கையில் ஆழ்வார் தம் குரலில் பேசுகிறார், காதல் மிஞ்சும்போது பெண்குரல் கொள்கிறார் என்று ‘ஆசார்ய ஹிருதயம்’ என்ற வைணவ நூல் அதற்கு இலக்கணமே வகுத்துவிட்டது. காதலைக் கருவறை வரை விட்டவர்கள் நாம் என்று மார்தட்டலாம். பாடகி கே.பி. சுந்தராம்பாளின் வாழ்க்கையை எடுத்துப் பார்த்தால் அந்தப் பெருமை கொஞ்சம் இறங்கும்.

‘ஞானப்பழத்தைப் பிழிந்து’ கேட்காத தமிழ்க் காது இருக்காது. 1965இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில், மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனிடம் ஔவையாக வந்து சுந்தராம்பாள் பாடுவார். படத்தின் மற்றப் பாடல்கள் கண்ணதாசனுடையவை. இது நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளுடையது. 1867இல், அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர்; 1922இல், பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் மறைந்தவர். அவர் போய் 43 ஆண்டுகள் கழித்து அவருடைய வரிகள் சினிமாக் கொட்டகை கொட்டகையாக ஒலித்தன. சுந்தராம்பாளின் குரலில் குழைவோ கெஞ்சலோ கிடையாது. மேல் ஸ்தாயியில் நின்றுகொண்டு, வீட்டுப் பிள்ளையை அதட்டுகிற உரிமையோடு கடவுளை அதட்டுகிறது அது.

அந்த உரிமை எங்கிருந்து வந்தது? ரசிகர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா.

சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் இருவரும் சேர்ந்து பாடிய காலம் தமிழ் நாடக மேடையின் பொற்காலம் என்பார்கள். மேடையில் முருகனும் வள்ளியும். மேடைக்கு வெளியேயும் காதல். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். சுந்தராம்பாளையும் மணந்தார். பிணக்கும் பிரிவும் வந்தன. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25. அன்று உடுத்திய வெள்ளைப் புடவையை அவர் பிறகு மாற்றவேயில்லை. ஆண்களுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார். 1935இல் ‘நந்தனார்’ படத்துக்கு லட்ச ரூபாய் கொடுத்து அழைத்தபோதும், ஆண் வேடமான நந்தனாகத்தான் நடித்தார்.

அதன்பின் தமிழ்நாடு அவரைத் தெய்வப் பிறவியாகவே கொண்டாடியது. 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’ அதை உறுதிப்படுத்தியது. கல்யாணத்துக்குப் பயந்து, தன் இளமையை எடுத்துக்கொள்ளும்படி பிள்ளையாரிடம் வேண்டிக் கிழவியானவள் ஔவை என்பது கதை. இளமையை ஒப்படைத்தால்தான் ஞானம் கைவரும் என்ற கணக்கு அதற்குள் இருக்கிறது. சுந்தராம்பாளிடமும் ஊர் அதே கணக்கைத்தான் போட்டது. மறுபடி காதலித்தார் என்பதற்காகத் திருச்சபை பியாஃபைத் தள்ளியது. மறுபடி காதலிக்கவில்லை என்பதற்காகத் தமிழகம் சுந்தராம்பாளை ஏற்றது. இரண்டு இடத்திலும் நிறுத்தது ஒரே தராசில்தான். பாட்டை யாரும் நிறுக்கவில்லை.

துறவு சுந்தராம்பாள் தாமாக எடுத்த முடிவு, அதில் யாருக்கும் பேச்சில்லை. அதைப் பக்திக்கு நுழைவுச்சீட்டாக ஆக்கியதுதான் இடிக்கிறது. நம்மாழ்வாரிடம் யாரும் அப்படிச் சீட்டுக் கேட்டதில்லை. ஆழ்வார்திருநகரியில் அரையர் சேவை செய்து, நாயகியின் ஏக்கத்தைப் பாடி அபிநயிப்பவர்களும் பரம்பரை பரம்பரையாக ஆண்களே. ஆண் பெண்குரல் எடுத்தால் தத்துவம். பெண் தன் குரலிலேயே பாடினால் அவளுடைய புடவையின் நிறத்தைப் பார்ப்பார்கள். ஆண்டாள் இருக்கிறாளே என்பீர்கள். அவளும் மானிடருக்கு வாழ்க்கைப்படாமல் அரங்கனோடு கலந்ததாகச் சொன்ன பிறகுதானே நமக்கு நிம்மதி?

பியாஃப் மறைந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2013இல், பாரிஸின் பெல்வில் பகுதித் தேவாலயத்தில் அவருக்காகத் திருப்பலி நிறைவேற்றினார்கள். சுந்தராம்பாளுக்கு அப்படித் திருத்தவேண்டிய அவமதிப்பு ஏதுமில்லை. இருப்பது மிகைப் புனிதம். கிட்டப்பாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் அச்சில் வந்திருக்கின்றன. ஊடலும் மனத்தாங்கலும் நியாயம் கேட்கும் வேகமும் அவற்றில் உண்டு. பாட்டைக் கேட்டு உருகுகிறவர்கள் அவற்றையும் தேடிப் படிக்க வேண்டும்.