சங்கிலி போட்டது யார்?



2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ம் தேதி அதிகாலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் மரித்தார்கள். தீவிபத்து என்று பத்திரிகைகளில் வந்தது. விபத்துதான், ஆனால் காலில் சங்கிலி இல்லாதிருந்தால் அதில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்?

அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது யார்? பெற்ற தகப்பனும் தாயும், கூடப் பிறந்தவர்களும்தான். அவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல என் வாய் வரவில்லை. ராத்திரி முழுக்க தூங்காமல் கத்துகிற பிள்ளை, கூலி வேலைக்குப் போகவேண்டிய அம்மா, பக்கத்திலே வைத்தியம் இல்லாத கிராமம், "இன்னுமா இவனை வீட்ல வச்சிருக்கீங்க?" என்று கேட்கிற அக்கம்பக்கம். கையிலிருந்ததெல்லாம் செலவான பிற்பாடு புண்ணிய ஸ்தலத்தில் விட்டால் சுகமாகும் என்று நம்பிப் போனார்கள். 1987-லேயே ஒரு மனநலச் சட்டம் இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் இப்படிப்பட்ட இடங்களை நடத்தக்கூடாது என்று அதில் எழுதியும் இருந்தது. எழுத்து ஒரு பக்கம், சங்கிலி ஒரு பக்கம். தீ எரிந்த பிறகுதான் உச்சநீதிமன்றம் தானாகவே அந்த விஷயத்தைக் கையில் எடுத்தது. அரசாங்கமும் அங்கிருந்த மற்றக் காப்பகங்களை மூடியது.

அது தர்காவை நம்பிப் போன கூட்டம், நமக்கென்ன என்று யாரும் நினைக்கவேண்டாம். கோவிலிலும் கட்டியிருக்கிறார்கள், ஜெபவீட்டிலும் கட்டியிருக்கிறார்கள். நம்மிடத்தில் சங்கிலி இரும்பாய் இருக்கவேண்டுமென்பதில்லை. "அதுக்குப் பேய் புடிச்சிருக்கு" என்று ஒரு வார்த்தை சபையிலே பரவினால் போதும், அந்தப் பெண்ணுக்கு ஜென்மத்துக்கும் விலங்குதான்.

மாற்கு 5-ம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். கதரேனர் நாட்டில் கல்லறைகளில் இருந்த மனுஷனைப் பலதரம் விலங்குகளாலும் சங்கிலிகளாலும் கட்டினது ஊர்ஜனங்கள். இயேசு அவனிடத்தில் ஒரு கயிறுகூட எடுத்துக்கொண்டு போகவில்லை. அவனிடத்தில் பேர் கேட்டார். அவன் தெளிந்து, உடுத்தி உட்கார்ந்திருந்தபோது ஊராருக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. இந்தக் காலத்திலும் அப்படியே. மருந்து சாப்பிட்டுத் தெளிந்து வேலைக்குப் போகிறவனுக்கு வாடகைக்கு வீடு கொடுக்க யோசிக்கிறவர்கள் நம் ஜூஜுவாடியிலேயே இருக்கிறார்கள். லாரி ஓட்டிக் குடித்துவிட்டு வருகிறவனுக்குக் கொடுக்கிறார்கள்!

இங்கே ஒரு கேள்வியை யோசிக்கவேண்டும். தேவன் மனுஷனைத் தம்முடைய சாயலாகச் சிருஷ்டித்தார் என்று விசுவாசிக்கிறோம். அந்தச் சாயல் எங்கே இருக்கிறது? புத்தியில்தான் என்று நான் வேதாகமக் கல்லூரியில் படித்த நாட்களில் சிலர் வாதாடுவார்கள். அப்படியானால் புத்தி கலங்கினவனிடத்தில் சாயல் இல்லையா? தொட்டிலில் கிடக்கிற கைக்குழந்தைக்கு, ஆபரேஷன் தியேட்டரில் மயக்கத்தில் கிடக்கிறவனுக்கு? புத்தி வரும் போகும். அது கொஞ்சநேரம் போனதினால் ஒருவனை ஆடுமாட்டைப்போல் கட்டலாம் என்றால், காய்ச்சலில் பிதற்றுகிற என்னையும் கட்டலாம்.

தானியேல் 4-ம் அதிகாரத்தில் நேபுகாத்நேச்சார் ராஜா புத்தி மாறி மாட்டைப்போல் புல்லைத் தின்றான். தலைமயிரும் நகமும் வளர்ந்து, பார்க்கச் சகிக்காமல் ஆனான். அவனுடைய பெருமைக்கு வந்த தண்டனை என்பது வேறு பிரசங்கம். நான் காட்டவிரும்புவது இதுதான்: அந்த ஏழு காலங்கள் முடியுமட்டும் அவனுடைய ராஜ்யம் அவனுக்கென்று நிலைநிறுத்தப்பட்டிருந்தது. தெளிந்தபோது மந்திரிகளும் பிரபுக்களும் அவனைத் தேடி வந்தார்கள். நம்மிடத்தில் என்ன நடக்கிறது? அண்ணனுக்குப் புத்தி சரியில்லை என்றதும் தம்பிமார் அவன் பங்கு அரை ஏக்கருக்குக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். ஓசூரைச் சுற்றி நிலத்து விலை ஏறின நாளிலிருந்து இதை நான் அதிகமாய்ப் பார்க்கிறேன். அவன் தெளிந்து வரும்போது படுக்கத் திண்ணைகூட இராது.

"பாஸ்டர், அப்போ பிசாசு இல்லைன்னு சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை, பிரியமானவர்களே. மத்தேயு 4-ம் அதிகாரக் கடைசியில் சுகமடைந்தவர்களைச் சொல்லும்போது பிசாசு பிடித்தவர்களையும், சந்திரரோகிகளையும், திமிர்வாதக்காரரையும் தனித்தனியாய்ச் சொல்லியிருக்கிறது. வேதமே பிரித்து வைத்ததை நாம் ஏன் ஒன்றாக்கவேண்டும்? 17-ம் அதிகாரத்தில் சந்திரரோகியான பையனிடமிருந்து பிசாசு புறப்பட்டதும் எனக்குத் தெரியும். அதை வைத்து எல்லா வலிப்பும் பிசாசு என்று சொல்வது, ஒரு குஷ்டரோகி வார்த்தையினாலே சுத்தமானதால் ஆஸ்பத்திரியே வேண்டாம் என்பதுபோல் இருக்கிறது. எலியா சூரைச்செடியின்கீழ் படுத்து, நான் சாகவேண்டும் என்று கேட்டான். தூதன் வந்து அவனை அதட்டவில்லை. தூங்கவிட்டு, அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டான்.

ஒரு தாயார், கணவனை இழந்தவர்கள். மகனுக்கு ஷிப்டு வேலை. பல நாள் தூக்கம் கெட்டு, காதில் குரல் கேட்கிறது என்று சொல்ல ஆரம்பித்தான். பெங்களூர் நிமான்ஸில் காட்டி, மாத்திரையில் நன்றாய்த் தேறினான். வெளியூரிலிருந்து வந்த ஒரு ஊழியக்காரர், "மாத்திரை சாப்பிட்டா விசுவாசம் எங்கே?" என்று கேட்டிருக்கிறார். மூன்றே மாதத்தில் பையன் மறுபடியும் ரோட்டில் நின்றான். அந்த அம்மா என்னிடத்தில் வந்து, "பாஸ்டர், எனக்கு விசுவாசம் பத்தலையா?" என்று அழுதார்கள். ஏசாயா 38-ஐத் திறந்து வாசிக்கச் சொன்னேன். எசேக்கியாவுக்கு 15 வருஷம் கூட்டிக்கொடுப்பேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்திருந்தார். அதே அதிகாரத்தில்தான் ஏசாயா அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்லுகிறான். அந்த அடையை மாத்திரம் ஏன் எடுத்துப்போடுகிறோம்? பையன் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனான். இப்போது பகல் ஷிப்டு மட்டும் பார்க்கிறான். கொஞ்சம் உடம்பு போட்டிருக்கிறது, காலையில் தூக்கக்கலக்கம் உண்டு. அது மருந்தின் பக்கவிளைவு. அதைப்பார்த்து "ஒரு மாதிரி இருக்கான்" என்று பேசாதிருங்கள்.

இன்னொன்று. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஒருவருடைய வியாதியை மைக்கில் சொல்லுகிறோம். சுகர், பி.பி. என்றால் யாரும் கவனிப்பதில்லை. மனநோய் என்றால் திங்கட்கிழமை டீக்கடைவரைக்கும் போய்விடும், அந்த வீட்டுப் பெண்ணின் சம்பந்தமும் நின்றுபோகும். அவர்கள் சம்மதமில்லாமல் சொல்லவேண்டாம். 2017-ம் வருஷத்து மனநல பராமரிப்புச் சட்டமே நோயாளியின் விவரத்தை இரகசியமாய் வைக்கவேண்டும் என்கிறது. அது ஆஸ்பத்திரிக்கு எழுதினது, நமக்கு அதைவிட அதிகம் இருக்கவேண்டாமா?

அந்தச் சட்டத்தில் வேறு சில காரியங்களும் தெரிந்துகொள்ளவேண்டும். மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது. உடல் நோய்க்குப்போல மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் கொடுக்கவேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஉளைச்சலில் இருந்தார் என்றே கருதவேண்டும், அவரைக் குற்றவாளியாக நடத்தாமல் சிகிச்சை கொடுக்கவேண்டும். 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் 21 வகைகளில் ஒன்றாய்ச் சேர்ந்திருக்கிறது. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாய்ச் சான்றிதழ் வாங்கினால் சலுகைகளுக்கு மனுப்போடலாம். வெட்கப்பட்டு வாங்காமல் இருப்பவர்கள் அநேகர்.

நமக்குத் தூரமும் இல்லை. நிமான்ஸ் இருப்பது பெங்களூரில் ஓசூர் ரோட்டிலேயேதான். செக்போஸ்ட்டைத் தாண்டி அத்திப்பள்ளியில் பஸ் பிடித்தால் மடிவாளாவுக்கு அப்பால் வந்துவிடும். கன்னடம் தெரியாதே என்று தயங்கவேண்டாம், தமிழ் பேசுகிற டாக்டர்மார் இருக்கிறார்கள். முதலில் போனில் பேசிப் பார்க்கவேண்டுமானால் 14416 என்ற டெலிமானஸ் நம்பருக்குக் கூப்பிடலாம், இலவசம், தமிழிலும் பேசுவார்கள். மாத்திரை வேலைசெய்யச் சில வாரம் பிடிக்கும். ஒரு வாரத்தில் பலனில்லை என்று நிறுத்திவிடாதேயுங்கள். நன்றாயிருக்கிறது என்று நிறுத்துவதும் டாக்டரைக் கேட்டுத்தான். போகும்போது பழைய சீட்டுகளை எடுத்துக்கொண்டு அதிகாலையிலேயே கிளம்பிவிடுங்கள். தனியே கூட்டிப்போக முடியாத வீட்டார் முந்தினநாள் சாயங்காலம் எனக்குச் சொல்லுங்கள், வாலிபர் சங்கத்துத் தம்பிமாரில் ஒருவர் கூட வருவார்.