ஆய்வாளர் வருகிற நாள்

நியூயார்க் நகர வீட்டுவசதி ஆணையத்தில், மத்திய ஆய்வாளர்கள் வரும் நாளில் தண்ணீரை நிறுத்திக் கசிவை மறைத்தார்கள். ஓட்டைகளைப் பலகையால் மூடினார்கள். அதற்குக் குறிப்பேடே வைத்திருந்தார்களாம்! ஈய பெயின்ட் சோதனையைச் சரிவரச் செய்யாமலே செய்ததாகச் சான்றும் தந்தார்கள். 2018-இல் மத்திய அரசு தொடுத்த வழக்கில் இதெல்லாம் இடம்பெற்றது. அதையடுத்து மத்திய அரசோடு 2019 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தம்தான் விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று கண்காணிக்கத் தனித் துறையையும் அதற்கொரு தலைமை அதிகாரியையும் கட்டாயமாக்கியது.

அலுவலகத்தில் யாருக்கும் பிடிக்காத நாற்காலி அந்த அதிகாரியுடையது. ‘சோதனை முடிந்தது’ என்று தாள் சொன்னால், எந்தத் தளம், எந்த வீடு, கதவைத் திறந்தது யார் என்று அவர் கேட்டே ஆகவேண்டும். குடியிருப்போர் தரும் புகார்தான் அவருக்குச் செலவில்லாமல் கிடைக்கும் எச்சரிக்கை. பழுது பார்க்காமலே கணினியில் அந்தப் புகாரை முடித்துவைக்கும் வழக்கத்தில் அவர் முதலில் கைவைக்கலாம்.