விதைநெல்லைக் கேட்கும் விருந்தாளி

தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காட்டு முகத்துவாரம். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். இவற்றுக்கு நடுவே ஒடுங்கி நீண்டு கிடக்கிறது காட்டுப்பள்ளி என்னும் மணல் தீவு. அதற்கு வடக்கே, ஏரிக்கரையில், பழவேற்காடு. சென்னையிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள் என்பதால், பூநாரைகள் வந்து இறங்கும் குளிர்மாதங்களில் ஞாயிறுதோறும் வேன்களும் கார்களும் பொன்னேரி வழியாக வந்து சேருகின்றன.

விவரம் தெரிந்த வழிகாட்டியோடு அவசரமில்லாமல் சுற்றினால், ஒரே பகலில் ஐந்நூறு ஆண்டுகளைக் கடந்து வரலாம். போர்ச்சுக்கீசியர் காலத்தில், 1515இல் தொடங்கிய மகிமை மாதா ஆலயம். ராமாயணக் காட்சிகளைச் சின்னஞ்சிறு சிற்பங்களாகச் சுமந்து நிற்கும் ஆதிநாராயணப் பெருமாள் கோயில். பழைய பள்ளிவாசல்கள். பனையோலையை நிறமேற்றி, விரல் ஓயாமல் கூடை முடையும் முஸ்லிம் பெண்கள். நுழைவாயிலின் இருபுறமும் கல் எலும்புக்கூடுகள் காவல் நிற்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம். மத்தியானம் இலையில் மடவை மீன் குழம்பு, இறால் தொக்கு, ஓடு உடைத்துச் சாப்பிடும் நண்டு. சாயங்காலம் கடற்கரை.

இப்படி ஒரு பயணத்தை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது தவறு. மூன்று மதத்தாரும் ஓர் ஏரியைச் சுற்றி நூற்றாண்டுகளாக வாழ்ந்து வரும் ஊரைக் கண்ணால் பார்ப்பதே ஒரு கல்வி. ஆனால் அந்தச் சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்காரும்போது பழைய கேள்வி ஒன்றும் கூடவே வந்து உட்காருகிறது. பிறர் ஊருக்குப் போய், பிறர் நீரில் பிடித்ததை உண்டு, பிறர் வழிபடும் இடத்தையும் புதைத்த இடத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு அறம் என்று ஏதாவது விதிக்கப்பட்டிருக்கிறதா?

விருந்து படைப்பவருக்குத் தமிழ் மரபு சொன்னது ஏராளம். திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரமே விருந்தோம்பல்தான். அதன் பத்துக் குறளும் வீட்டாரைப் பார்த்தே பேசுகின்றன. வந்தவர் முகம் வாடிவிடக் கூடாதே என்ற கவலை அங்கே இருக்கிறது. வந்தவர் எவ்வளவு கேட்கலாம் என்ற பேச்சு இல்லை. விருந்தினரைத் தெய்வமாகக் கருதச் சொல்லும் தைத்திரீய உபநிடதமும், படிப்பை முடித்து வீடு திரும்பும் மாணவனுக்குத்தான், அதாவது நாளைய வீட்டுக்காரனுக்குத்தான், அதைச் சொல்கிறது.

பெரிய புராணம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இளையான்குடி மாற நாயனாரின் செல்வமெல்லாம் கரைந்துபோன காலம். மழை கொட்டும் நள்ளிரவில் ஓர் அடியார் பசியோடு வந்து நிற்கிறார். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்த நெல் நினைவுக்கு வருகிறது. மாறனார் இருட்டில் நடந்து, சேற்றுநீரில் மிதந்த விதையைக் கையால் அள்ளிக் கூடையில் கொண்டுவருகிறார். அடுப்பெரிக்க விறகில்லை, கூரையின் வரிச்சை அறுத்துப் போடுகிறார். அடியார் உண்ணும் சோறு அடுத்த அறுவடை முழுவதும்தான். சிறுத்தொண்டர் கதையில் விருந்தாளி கேட்டது பெற்ற பிள்ளை சீராளனையே.

இந்தக் கதைகளை வீட்டாரின் பக்தியாக மட்டும் வாசித்துப் பழகிவிட்டோம். விருந்தாளியின் பக்கமிருந்து வாசித்தால் வேறொன்று தெரியும். அங்கே வந்து கேட்டவர் சிவபெருமான். எடுத்ததைத் திருப்பித் தர அவரால் முடியும். சீராளன் உயிரோடு ஓடி வந்தான். மாறனாருக்குச் சிவலோகம் கிடைத்தது. திருப்பித் தரும் வல்லமை இல்லாத சாதாரண மனிதர் அதே திண்ணையில் உட்கார்ந்து அதே விதைநெல்லைக் கேட்டால் அதற்கு என்ன பெயர்?

பழவேற்காட்டின் மற்ற இரு மதங்களில் விருந்தாளியை நேராகப் பார்த்துச் சொன்ன சொற்களும் உண்டு. விருந்துபசரிப்பு மூன்று நாள், அதற்கு மேல் தருவது தர்மக் கணக்கு, வீட்டாரைச் சங்கடத்தில் ஆழ்த்தும் அளவுக்குத் தங்குவது விருந்தாளிக்கு ஆகாது என்று நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. லூக்கா நற்செய்தியில் சீடர்களை ஊர் ஊராக அனுப்பும் இயேசு, வைத்ததை உண்ணவும் வீடு விட்டு வீடு மாறாமல் இருக்கவும் சொல்லி அனுப்புகிறார். இரண்டும் எளிய விதிகள். ஆனால் விருந்தாளியால் வீட்டுக்குக் கேடு வரலாம் என்பதை இரண்டுமே ஒப்புக்கொள்கின்றன.

அந்தக் கேடு எப்படி இருக்கும் என்பதற்குப் பழவேற்காட்டிலேயே சாட்சி இருக்கிறது. டச்சுக்காரர்கள் இங்கே அனுமதி கேட்டு வந்தவர்கள்தான். விஜயநகர அரசர் வேங்கடபதி தேவராயரிடம் இசைவு பெற்று 1610இல் பண்டகசாலை வைத்தார்கள். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுக்கீசியர் அதைத் தாக்கினார்கள். மறு ஆண்டே கெல்டிரியா கோட்டை எழுந்தது. துணி வாங்க வந்தவர்கள் வெடிமருந்து ஆலை வைத்தார்கள். பிறகு மனிதர்களையே வாங்கத் தொடங்கினார்கள். பஞ்ச காலத்தில் விற்கப்பட்டவர்களையும் பிடித்து வரப்பட்டவர்களையும் ஆயிரக்கணக்கில் இந்தச் சோழமண்டலக் கரையிலிருந்து தங்கள் கீழைத் தலைமையிடமான பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. கல்லறைகள் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் குலச் சின்னங்களோடும் டச்சு எழுத்துகளோடும் நிற்கின்றன. கப்பலேற்றப்பட்டவர்களுக்கு இங்கே ஒரு கல்லும் கிடையாது. வழிகாட்டி எலும்புக்கூட்டுச் சிற்பத்தை விளக்கும் நேரத்தில் பாதியை இந்தச் செய்திக்குக் கொடுத்தால் நல்லது.

இதையெல்லாம் மனத்தில் வைத்து எழுதியவர் போலத் தோன்றுகிறார் ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட். நிரந்தர அமைதியைப் பற்றி 1795இல் அவர் வெளியிட்ட சிறுநூலில், அந்நியருக்கு எந்த மண்ணிலும் பகைவராக நடத்தப்படாமல் வந்து பார்க்கும் உரிமை உண்டு என்கிறார். வீட்டு மனிதரைப் போலத் தங்கும் உரிமை வேறு. அது வீட்டார் விரும்பித் தந்தால்தான் உண்டு. வணிகம் செய்யும் ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்ப் பார்ப்பதும் போய்ப் பிடிப்பதும் ஒன்றாகிவிட்டன என்று அவர் கடிந்துகொள்கிறார். இந்துஸ்தானத்தையும் உதாரணத்துக்கு எடுக்கிறார். டச்சுக்காரரை உள்ளே விட்டும் தம் மக்களோடு கலக்கவிடாத ஜப்பானியரை விவேகிகள் என்கிறார். பழவேற்காட்டுக்கு அந்த விவேகத்தைக் காட்டும் வாய்ப்பே அமையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நண்டு தின்ன வரும் குடும்பத்தைக் கோட்டை கட்டியவர்களோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமா? நியாயமில்லைதான். அவர்கள் காசு கொடுத்து உண்கிறார்கள். ஊருக்கு வருமானம் தருகிறார்கள். ஆனால் காசு எதை ஈடுகட்டுகிறது, எதை ஈடுகட்டவில்லை என்று பார்க்க வேண்டும். பழவேற்காட்டுச் சேற்று நண்டு உயிரோடு, கொடுக்குகள் கட்டப்பட்டு விற்பனைக்கு வருகிறது. புரட்டிப் பார்த்தால் வயிற்றுப்புற மடல் குறுகலாக இருப்பது ஆண். அகன்று இருப்பது பெண். உள்ளே சினை திரண்ட பெண் நண்டுக்குத்தான் கிராக்கி. ருசியும் அதில்தான் என்பார்கள். அந்தப் பெண் நண்டு பிடிபடாமல் இருந்தால் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போய் லட்சக்கணக்கில் முட்டை பொரிக்கும். கொடுத்த ரூபாய் அந்த ஒரு நண்டுக்கு விலை. வராமல் போன நண்டுகளுக்கு யாரும் விலை பேசவில்லை. மாறனார் வயலில் அள்ளிய விதை இங்கே தட்டில் இருக்கிறது. உண்பவர் மட்டும் சிவன் இல்லை.

காசு விருந்தாளியை மட்டுமல்ல, வீட்டாரையும் தடுமாற வைக்கும். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டுக்குச் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஏரியில் உல்லாசப் படகு சவாரிக்குத் தடை வந்தது. அந்த நாளின் வேதனை இன்னும் இரண்டு பக்கத்திலும் ஆறவில்லை.

எடுப்பதற்கு எல்லை எங்கே என்று கேட்டுக்கொண்டு இந்தக் கரைக்கு வருபவருக்கு, ஏரியே ஒரு பதில் வைத்திருக்கிறது. பழவேற்காட்டு மீனவர்கள் அதைப் பாடு என்கிறார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய நீர்ப்பரப்பில்தான் இறால் அதிகம் விழும். கடலில் பிறந்த இறால் குஞ்சு அந்த வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, மறுபடி அதே வழியாகக் கடலுக்குத் திரும்புகிறது. அப்படிப்பட்ட இடத்தை வலுத்தவர் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் குடும்பங்கள் சீட்டும் முறையும் வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. இன்று ஒருவர் முறை. அவருக்கு அன்று நிறைய விழலாம், ஒன்றும் விழாமலும் போகலாம். எதுவானாலும் அடுத்த முறைக்காரருக்கு இடம் விட்டாக வேண்டும்.

இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடு, பாடு என்ற இதே பெயரில் இருக்கிறது. அங்கே நான்கு மீனவர் சங்கங்கள். உறுப்பினர் அனைவரும் கத்தோலிக்கர்கள். வலை கட்டும் இடத்தைச் சீட்டுத்தான் தீர்மானிக்கிறது. சோழர் கால உத்திரமேரூரில் சபை உறுப்பினரைக் குடவோலை தேர்ந்தெடுத்தது. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுக்க அப்போஸ்தலர்களும் சீட்டுத்தான் போட்டார்கள். மனிதர் கை படாமல் விழும் சீட்டில் தெய்வத்தின் விருப்பத்தைப் பார்ப்பது பல மதங்களுக்கும் பொது. பாட்டு முறையில் அதைவிடக் கூர்மையான ஓர் எண்ணம் இருக்கிறது. ஏரியில் பிறந்து வளர்ந்தவனுக்கும் ஏரி சொந்தமில்லை. அவனும் தன் முறைக்கு வந்து போகிறவன். வீட்டுக்காரனே விருந்தாளியாக நடந்துகொள்ளும் இந்த ஒழுங்கு, மேலே சொன்ன எந்த நூலின் உபதேசத்துக்கும் குறைந்ததில்லை.

ஆனால் அதை அப்பழுக்கற்றது என்று கொண்டாடிவிட முடியாது. பாட்டில் இடம் பட்டினவர் குடும்பத்து ஆண்களுக்கு மட்டும். ஏரியை நம்பி வாழும் மற்ற சாதியாருக்கு அதில் பங்கில்லை. இறால் ஏற்றுமதி பெருகி விலை ஏறிய பிறகு இதை வைத்துக் கரையில் சண்டைகள் நடந்திருக்கின்றன. இருளர் பெண்களுக்குப் பெரிய வலையும் இல்லை, முறையும் இல்லை. மார்பளவு நீரில் இறங்கி, சேற்றை விரலால் துழாவி இறாலைப் பிடிக்கிறார்கள். ஓலையில் முடைந்த பறியை வாயில் கவ்விக்கொள்வார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே. கிளிஞ்சலும் முள்ளும் கிழித்த விரல்களோடு கரையேறுகிறார்கள். இலையில் வந்து விழும் இறால் எந்தக் கை பிடித்தது என்று கேட்கும் பயணி அநேகமாக இல்லை.

தீவின் தென்பாதியில் இதே கேள்வி பெரிய உருவம் எடுத்து நிற்கிறது. காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இயங்குகிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், குடிப்பது சென்னை. எல் அண்ட் டி நிறுவனம் கப்பல் கட்டும் தளத்தோடு அமைத்த துறைமுகம் 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. 330 ஏக்கரில் இருக்கும் அதை 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. கப்பல் தளம் வந்தபோதே இடம் பெயர்ந்த மீனவக் குடும்பங்கள் இங்கே உண்டு. மணலை வடக்கு நோக்கி நகர்த்தும் கடல் இது. குறுக்கே அலைத்தடுப்புச் சுவர் எழுந்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். வடக்கில்தான் குப்பங்களும் முகத்துவாரமும் இருக்கின்றன. மீனவர்கள் எதிர்த்தார்கள். 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த பொது விசாரணை தள்ளிவைக்கப்பட்டது.

காட்டுப்பள்ளியில் ஒருநாளும் கால் வைக்காத சென்னைவாசியும் குழாயைத் திறக்கும்போது இந்தத் தீவின் விருந்தாளிதான். துறைமுகம் வழியாக வரும் பொருளை வாங்குகிறவரும் அப்படியே. நகரம் இந்தக் கரைக்குள் வந்து எத்தனையோ வருடம் ஆகிறது. மூன்று நாள் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. எந்த ஏக்கர் வரை, யாருடைய இசைவோடு, எடுத்ததற்கு ஈடாக எதைத் திருப்பித் தந்து என்ற பேச்சைத் தொடங்க வேண்டிய கடமை நகரத்தின் பக்கம் இருக்கிறது. மீனவர் கூட்டங்களில் அந்தப் பேச்சு பல வருடமாக நடக்கிறது. சென்னையின் வரவேற்பறைகளில் அதைக் கேட்க முடியவில்லை.

நிதானமாகச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகள் இதில் உதவ முடியும். கல்லறைக்குப் போகும் முன் காலையில் மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போகலாம். நண்டைப் புரட்டிக் காட்டி, சினை வைத்ததை வாங்க வேண்டாம் என்று சொல்லலாம். இன்று யார் பாடு, நேற்று எவ்வளவு விழுந்தது என்று அங்கே இருப்பவர்களிடமே கேட்கவைக்கலாம். பறியோடு வரும் பெண்கள் தம் கூடையை விற்கும் நேரம் எது என்றும் விசாரித்து வைத்துக்கொண்டால், வாங்க நினைக்கிற பயணி நேராக அவர்களிடமே வாங்கிக்கொள்வார்.