கைபேசித் தராசு

நம் மலேசியாவில் வயது வந்தோருள் நூற்றுக்கு 15.6 பேருக்கு நீரிழிவு உண்டென்று 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு கூறுகிறது. ஆகவே தட்டைக் கைபேசியில் படம் பிடித்து, செயற்கை அறிவுச் செயலியிடம் கணக்குக் கேட்போரைக் குறைகூற இயலாது. ஆனால் அந்தத் தராசு சரியானதா? சிட்னி பல்கலைக்கழகத்தார் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய செயலிகள் ஆசியக் கலவை உணவுகளை அளப்பதில் பெரிதும் தடுமாறின. நாசி கண்டார் குழம்பின் எண்ணெயும், தே தாரிக்கில் கரைந்த டின் பாலும் படத்தில் தெரியுமா? அவற்றை ஊற்றிய கை அறியும். தெலுக் இந்தானில் உணவுக்கடை நடத்தும் நம்மவர் இதைச் சிந்திக்க வேண்டும். அளவில் மோசம் செய்யாமை எடைக்கல்லோடு முடிவதன்று. கேட்பவருக்கு உள்ளதை உள்ளபடி சொல்வதும் அதில் அடங்கும். உடல் அல்லாஹ் அவருக்களித்த அமானிதம். நம்மை நம்பி உண்ண அமர்ந்தாரே, அந்த நம்பிக்கை நம்மிடமுள்ள அமானிதமன்றோ?