கூழும் அல்வாவும்

தருமபுத்திரர் சொர்க்கத்தின் வாசலில் நின்றுகொண்டு, கூட வந்த நாயை விட்டுவிட்டு உள்ளே வரமாட்டேன் என்று சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். அந்த இடம் வரும்போது என் பாட்டிக்குக் குரல் தழுதழுக்கும். எனக்கோ சிறு வயதிலேயே ஒரு சந்தேகம். அவ்வளவு தூரம் மலையேறி வந்த நாய்க்கு வழியில் யார் சோறு வைத்தார்கள்? என்ன சோறு? பாட்டியிடம் கேட்டால், "சாமி கதையிலே சோத்தைப் பத்தியா கேக்கே?" என்று தலையில் குட்டுவாள்.

குட்டு வலித்ததே தவிர, சந்தேகம் தீரவில்லை. நாயைக் கைவிட மாட்டேன் என்று ஒரு முறை சொல்லிவிடலாம். அதன் முன்னால் தினம் இரண்டு வேளை ஒரு சட்டியை வைக்க வேண்டியிருக்கிறதே, அதில்தான் மனிதனுடைய யோக்கியதை வெளிப்படுகிறது. என் யோக்கியதை எனக்குத் தெரிந்தது ஒரு பங்குனி மாதத்தில்.

தாமிரபரணிக் கரையில் பிசான அறுவடை முடிந்ததும் வயல்களில் ஆட்டுக்கிடை போடுவது வழக்கம். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். பகலில் அறுத்த தாளில் மேயும். இரவில் ஒரு வயலில் அடைந்து கிடக்கும். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். இத்தனை ராத்திரிக்கு இவ்வளவு என்று வயற்காரர் கிடைக்காரருக்குக் கூலி கொடுப்பார். கார் சாகுபடிக்கு வாய்க்காலில் தண்ணீர் வரும் வரையில் இது நடக்கும்.

சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எனக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அதை ஒட்டியே வீடு. அந்த வருஷம் கிடை போட வந்தவர் அறுபது வயதுப் பெரியவர். கூட அவர் பேரன், சுமார் இருநூறு ஆடுகள், ஒரு நாய். அஞ்சல் துறை 2005-இல் நம் நாட்டு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையம் நாய்க்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். இந்த நாய்க்கு அந்தப் பாக்கியம் கிட்டாது. சிப்பிப்பாறையின் நீண்ட காலும் ஒடுங்கிய வயிறும் இருந்தன. மற்றதெல்லாம் யார் யாரிடமோ கடன் வாங்கியது. ஆனால் ராத்திரியில் கிடையைச் சுற்றி அது நடக்கிற நடையைப் பார்த்தால், சம்பளம் வாங்குகிற எந்த உத்தியோகஸ்தனுக்கும் வெட்கமாக இருக்கும்.

பொழுது சாய்ந்ததும் பெரியவர் கம்பங்கூழைக் கரைத்து, மோர் விட்டு, உடைந்த பானையின் அடியில் அதற்கு ஊற்றுவார். அது மூன்றே நக்கில் முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்கும். எனக்குப் பாவமாக இருந்தது. திருநெல்வேலிக்குப் போய் வந்த ஒருநாள், வாங்கி வந்த அல்வாவில் ஒரு துண்டைப் போட்டேன். நாய் அதை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! என் புஸ்தகங்களைப் படித்துவிட்டு எந்த வாசகரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. மறுநாளும் போட்டேன். அல்வா தீர்ந்ததும் நெய்ச்சோறு, மீன் வறுவல் என்று தொடர்ந்தது. பத்து நாளில் எங்கள் சிநேகம் முற்றிவிட்டது.

"ரெண்டு நாளா கூழைத் திரும்பிப் பாக்க மாட்டேங்கான், அய்யா. வெளிக்கும் தண்ணியாப் போகுது. என்னன்னு தெரியலை" என்றார் பெரியவர்.

எனக்குத் தெரியும். ஆனால் சொல்லவில்லை. "வெயில் காலம், அண்ணாச்சி. அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

மூன்றாம் நாள் இரவு நரி ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. விடிந்ததும் பெரியவர் என் வீட்டு வாசலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "காவக்காரன் எங்க கெடக்கான்னு தேடுனேன். உங்க திண்ணையில கெடக்கான்" என்றார். நாய் என் செருப்பின் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

விஷயத்தை ஒப்புக்கொண்டு குட்டிக்கு விலை கொடுத்தேன். வாங்கி மடியில் செருகிக்கொண்டார். பிறகு, "குட்டிக்குக் கணக்கு நேராயிட்டு. நாய்க்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் செய்தது கருணைதானே, அதில் என்ன தப்பு? தப்பு இதுதான்: பகலில் அதைச் சந்தோஷப்படுத்துவது என் பொழுதுபோக்கு, இரவில் அதைக் காவலுக்கு நிறுத்துவது அவர் பிழைப்பு. அதன் வயிறு கெட்டால் துடைக்கிறவர் அவர். குட்டி போனால் இழக்கிறவரும் அவர். எந்தப் பொறுப்பும் இல்லாமல் அன்பை மட்டும் மலிவு விலையில் நான் வாங்கிக்கொண்டேன். ஊரிலிருந்து வரும் மாமா குழந்தைக்கு மிட்டாய் கொடுத்து நல்ல பேர் வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுவார். கீரையைப் பிசைந்து ஊட்டுகிற அம்மாதான் அந்த வீட்டில் பொல்லாதவள்.

அதற்காகப் பெரியவர் பக்கம் முழு நியாயமும் இருந்தது என்று சொல்லமாட்டேன். அதை அவரே ஒப்புக்கொண்டார். "காவ நாய்க்கு அரை வயிறுதான் போடணும்பாங்க. நானும் அப்படித்தான் போட்டேன்" என்றார். பசித்த நாய்தான் விழித்திருக்கும் என்பது நம் பக்கத்தில் பலருடைய நம்பிக்கை. வேலைக்காரர்களைப் பற்றியும் இதே நம்பிக்கை வைத்திருந்த முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். பசித்த நாய் விழித்திருக்கும், வாஸ்தவம். ஆனால் அது நரிக்காக விழித்திருக்காது, சோற்றுக்காக விழித்திருக்கும். அரை வயிறு போடாமல் இருந்திருந்தால் என் அல்வா அந்த நாயிடம் அவ்வளவு சுலபமாக ஜெயித்திருக்காது. 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டம், வளர்ப்புப் பிராணிக்குப் போதிய உணவு கொடுக்காமல் இருப்பதைக் குற்றம் என்கிறது. பெரியவருடைய அரை வயிற்றைச் சட்டம் கேட்கலாம். என் அல்வாவை எந்தச் சட்டமும் கேட்காது. அதனாலேயே அதை நான்தான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படியானால் நாய்க்கு என்னதான் கொடுப்பது? நாம் சாப்பிடுவதையே அதற்கும் கொடுத்துவிட்டால் நியாயம் முடிந்துவிடும் என்று எனக்கு ஓர் எண்ணம் வந்தது. ஒரே பானை, ஒரே கூழ், சமத்துவம்! இதற்கு விஞ்ஞானத்திலும் கொஞ்சம் ஆதாரம் உண்டு. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் ஒரு மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான். நாய்களுக்கு நான்கு முதல் முப்பது வரை இருக்கிறது என்று 2013-இல் 'நேச்சர்' இதழில் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். தலைமுறை தலைமுறையாக மனிதன் போட்ட தானியத்தைத் தின்று தின்று நாயின் உடம்பே மாறியிருக்கிறது. நம்மோடு அது செய்துகொண்ட ஒப்பந்தம் அதன் ரத்தத்தில் எழுதியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆகவே கூழ் அதற்கு அந்நியம் இல்லை.

ஆனால் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் போனபோது என் சமத்துவம் உடைந்துபோயிற்று. பெரியவர் கூழுக்குக் கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயம் நாய்க்கு விஷம். ரத்தத்தின் சிவப்பணுக்களை அது அழித்துவிடும். உப்புக் கருவாடு வேண்டாம், வேகவைத்த எலும்பு வேண்டாம். எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். தானியம் மட்டும் போதாது. ஓடி உழைக்கிற பிராணிக்கு அவித்த முட்டையோ, கொஞ்சம் இறைச்சியோ அவசியம். மார்பு அகன்று வயிறு ஒடுங்கிய ஜாதிக்கு வயிறு நிறையப் போட்டு உடனே ஓட விட்டால் இரைப்பை முறுக்கிக்கொள்ளக்கூடும். உணவை மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரத்தில் மெல்ல மெல்ல மாற்ற வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக அவர் ஒன்று சொன்னார். ஒழுங்காகத் தின்கிற நாய் திடீரென்று மறுத்தால், கொழுப்பு என்று திட்டுமுன் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்க வேண்டும். காய்ச்சலா, உண்ணிக் கடியா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தக் கடைசி வார்த்தை என் மனத்தில் தங்கிவிட்டது. வாயில்லா ஜீவன் என்கிறோம். சட்டியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்வது அதன் பேச்சு. அந்தப் பேச்சுக்கு 'நோகிறது' என்று அர்த்தம் இருக்கலாம், 'போதாது' என்று இருக்கலாம், 'நேற்றைய அல்வா எங்கே' என்றும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பது வளர்க்கிறவன் கடமை. நாய் நன்றியுள்ளது என்று நாம் ஓயாமல் புகழ்கிறோம். ராத்திரி முழுக்கக் கண் விழித்த ஒரு ஜீவனுக்கு நாம் வைக்கும் சோறு கூலி. கூலி வாங்குகிறவனுக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல உரிமை உண்டு. அவன் சொன்னபடியே கொடுத்துவிடுவது சில சமயம் அவனுக்கே துரோகமாகலாம். ஆனால் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது எப்போதுமே துரோகம்தான்.

பெரியவர் நாயை அடிக்கவில்லை. பல்லைப் பார்த்தார், நன்றாக இருந்தது. அன்று மாலை கூழில் மோர் விட்டு, ஒரு முட்டையை உதிர்த்துப் போட்டு, வெங்காயத்தைத் தன் பக்கம் ஒதுக்கிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து தாமும் சாப்பிட்டார். நாய் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கால்மணி நேரம் பொறுத்துச் சட்டியை எடுத்துவிட்டார். அதன் இடத்தில் தாமே கம்பை ஊன்றிக்கொண்டு இரவு முழுவதும் கிடையைச் சுற்றி வந்தார். இரண்டாம் நாளும் அப்படியே. முட்டை மட்டும் என் வீட்டிலிருந்து போயிற்று. நேராக நாய்க்கு அல்ல, அவர் கைக்கு. மூன்றாம் நாள் நாய் சட்டியைக் காலி செய்தது. இந்த முறை அரை வயிறு இல்லை.

வைகாசிப் பிறப்புக்குக் கிடை கிளம்பிற்று. போகும்போது நாய் என் திண்ணையருகே நின்று என் கையையே பார்த்தது. சமையலறையில் அன்றைக்கும் அல்வா இருந்தது. நான் அசையவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு, ஆடுகள் கிளப்பிய புழுதிக்குள் ஓடிவிட்டது. ஈவு இரக்கமில்லாதவன் என்று நினைத்துக்கொண்டே போயிருக்கும். நினைத்துக்கொள்ளட்டும்.