கரையில் நிற்கும் அன்னை

தெலங்கானாவின் ஏரிக்கரைகளில் ஒரு தெய்வம் கோயில் கொண்டிருக்கிறாள். ‘கட்ட மைசம்மா’ என்பது அவளது திருநாமம். ‘கட்ட’ என்றால் தெலுங்கில் கரை. கரை உடையாமல் ஊரைக் காப்பவள் அவள் என்பது மக்களின் நம்பிக்கை. மதுராந்தகத்தில் ஸ்ரீராமபிரானை ‘ஏரி காத்த ராமர்’ என்று போற்றும் தமிழ் அன்பர்களுக்கு இந்த பாவனை புதிதல்ல.

ஹைதராபாத்தை ஒட்டிய மல்காஜ்கிரியில், சபில்குடா ஏரிக்கரையில் இந்த அன்னைக்குப் புகழ்பெற்ற ஆலயம் உள்ளது. ஆடி மாத போனாலுத் திருவிழாவில் பெண்கள் அன்னம் நிறைந்த பானையைத் தலையில் ஏந்தி வந்து அன்னைக்குப் படைக்கிறார்கள். ஆனால் அன்னை காவல் காக்கும் நீரின் நிலை என்ன? வீடுகளின் கழிவுநீர் கலப்பதும், ஆகாயத்தாமரை படர்வதும் இவ்வட்டார ஏரிகளுக்கு நீங்காத துன்பமாக இருந்து வருகின்றன. காவல் தெய்வத்தின் முன் கைகூப்பி நிற்பவர், அவள் காக்கின்ற பொருளை மறந்துவிட்டால் அந்த வழிபாடு நிறைவுறுமா?

சபில்குடா ஏரிக்கு ‘நடிமி செருவு’ என்றும் பெயர். நடு ஏரி என்பது அதன் பொருள். மேலே ராமகிருஷ்ணாபுரம் ஏரி. கீழே பண்ட செருவு. மேல் ஏரி நிரம்பினால் நீர் நடு ஏரிக்கு வரும். அதுவும் நிரம்பினால் கீழ் ஏரிக்குச் செல்லும். இவ்வாறு பிணைந்த ஏரிகளைத் தெலுங்கு மக்கள் ‘கொலுசுகட்டு’ ஏரிகள் என்பர். கொலுசு என்றால் அவர்கள் மொழியில் சங்கிலி. காகதீய மன்னர்கள் காலத்தில் செழித்த முறை இது.

சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன நேரும் என்பதை 1908 செப்டம்பர் 28 அன்று ஹைதராபாத் கண்டது. மூசி நதியின் வெள்ளம் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. நதியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 200க்கும் மேற்பட்ட ஏரிகளின் கரைகள் உடைந்திருந்தன. பேரறிஞர் விஸ்வேஸ்வரய்யாவின் ஆலோசனைப்படி உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் பின்னர் எழுந்தன. 2020 அக்டோபரில் பெருமழை பொழிந்தபோதும், தன் பழைய வழியை இழந்த நீர் நகரத்து வீடுகளுக்குள் புகுந்தது.

மேல்கரையில் இருப்பவன் செய்யும் பிழையின் பயனைக் கீழ்க்கரையில் இருப்பவன் அனுபவிக்கிறான். ‘நான் வேறு, நீ வேறு’ என்னும் பேத புத்தியை நீர் ஒப்புக்கொள்வதில்லை. கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் பகவான் உணவையும் மழையையும் வேள்வியையும் ஒரே சக்கரமாகக் காட்டுவதன் உட்பொருளும் இதுவே. பெற்றதைத் திருப்பித் தராதவன் அந்தச் சக்கரத்தை நிறுத்துகிறான்.

இந்தத் தர்மத்தை நம் முன்னோர் ஊர்ப் பொறுப்பாகவே வகுத்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு (கி.பி. 921) ‘ஏரி வாரியம்’ என்ற குழுவைக் குறிப்பிடுகிறது. குடவோலை மூலம் ஆண்டுதோறும் ஆறு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். முன்பு வாரியப் பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவருக்கு மீண்டும் இடமில்லை. ஏரியைக் காக்க வருபவனின் கையும் மனமும் தூய்மையாக இருக்கவேண்டும் என்பது அவர்களது தீர்மானம்.

அந்த உணர்வு அழிந்துவிடவில்லை. ராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டத்தில் 1985ஆம் ஆண்டு முதல் தருண் பாரத் சங்கத்தின் துணையோடு கிராம மக்கள் ‘ஜோஹட்’ எனப்படும் மண்கரை நீர்நிலைகளைத் தங்கள் உழைப்பால் மீண்டும் உருவாக்கினர். மழைக்காலத்தில் மட்டும் ஓடிய அர்வரி நதி 1990களில் உயிர்பெற்று ஓடியது. 1999இல் சுமார் 70 கிராமங்கள் சேர்ந்து அந்த நதிக்கென ஒரு மன்றத்தை அமைத்து, நீரை அளவோடு பயன்படுத்தத் தமக்குத் தாமே விதிகள் வகுத்துக்கொண்டன. நீர் கிடைத்த பின்பும் ஆசையை அடக்கியதே அவர்கள் செய்த பெரிய தவம்.

மல்காஜ்கிரி வட்டாரத்திலும் குடியிருப்போர் நலச் சங்கத்தினர் கழிவுநீரைத் தடுக்கும்படி முறையிடுவதும், ஏரிகளின் நிலையை ஊரார்க்கு எடுத்துரைப்பதும் இந்த மரபின் தொடர்ச்சியே. இப்பணியில் பாராட்டு குறைவு, ஏமாற்றம் அதிகம். இன்று அகற்றிய ஆகாயத்தாமரை நாளை மீண்டும் தழைக்கும். பலனில் பற்றின்றிக் கடமையைச் செய்யும் கர்மயோகப் பயிற்சிக்கு இதைவிடச் சிறந்த களம் ஏது?

ஒரே குளத்தின் பல துறைகளில் மக்கள் நீர் மொண்டு, அதை வெவ்வேறு பெயரால் அழைப்பதைச் சொல்லி, பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் சமய சமரசத்தை விளக்கினார். குளத்தில் நீர் வற்றினாலோ நஞ்சானாலோ எல்லாத் துறைகளும் ஒருசேரப் பாழாகும். ஆகவே குளத்தைக் காப்பது எச்சமயத்தாருக்கும் பொதுவான ஆராதனை.

அதன் தொடக்கம் மிக எளியது. பூஜை முடிந்த நிர்மால்யத்தையும் பிளாஸ்டிக் பைகளையும் நீரில் எறியாதிருத்தல். வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஏரிக்கரைச் சேவைக்கு அளித்தல். அனைத்துக்கும் முன்பாக, தன் வீட்டுக் கழிவுநீர் எங்கே சென்று சேர்கிறது என்று ஒவ்வொருவரும் உண்மையாக விசாரித்தல். அந்த விசாரணையில் மனம் கூசுமானால் அதுவே சித்தசுத்தியின் முதற்படி.

அன்னை கரையில் நிற்கிறாள். அவள் காவலுக்குத் துணை நிற்கும் கரங்களே அவள் விரும்பும் மலர்கள். அத்தகைய கரங்கள் பெருகும் ஊரில் கரை உடையாது, நீரும் கெடாது.