தலைக்கணக்கும் இருக்கையும்

மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கப்படும்வரை எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே ‘பாதை’ ஓடியது. வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். பாதை பிந்தினால் ஆசிரியர் பிந்துவார். முதற் பாடம் போய்விடும். நானும் அப்படிப் பிந்திய ஆசிரியன்தான். அக்கரைக்கு நியமனம் கிடைத்த முதல் மாதமே இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1980இல் பாடநூலும் 1993இல் சீருடையும் இலவசமாயின. இவற்றை அற்பம் என்பவன் நன்றி கெட்டவன். இதை எழுதும் கையும் அந்தக் கல்வியில் பழகியதுதான்.

ஆனால் பல்கலைக்கழக அனுமதியைப் பாருங்கள். கலைப்பிரிவு நீங்கலாகப் பெரும்பாலான துறைகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்கு. மீதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்புப் பிள்ளையையும் மட்டக்களப்புப் பிள்ளையையும் ஒரே கோட்டில் நிறுத்துவது அநீதி என்று நாம் வாதாடுகிறோம். வாதம் சரியானதே.

அந்தச் சனத்தொகையில் அடங்குவோர் யார்? வாவியில் வலை வீசுபவர், வாகரையின் விறகுவெட்டி, ஓட்டமாவடியின் வயற்கூலி. அவர்களுடைய பிள்ளைகளின் தலைகளையும் எண்ணித்தான் மாவட்டத்துக்கு இடம் ஒதுக்கப்படுகிறது. அந்த இடத்தில் போய் அமர்வதோ, பெரும்பாலும், விஞ்ஞானப் பிரிவுள்ள 1ஏபி பாடசாலையும் மாலை நேரத் தனியார் வகுப்பும் கைக்கெட்டிய பிள்ளை. கொழும்பைப் பார்த்து நாம் கேட்கும் கேள்வியை வாவியின் மறுகரை நம்மைப் பார்த்துக் கேட்டால் என்ன சொல்வோம்?

கஷ்டப்பட்டுப் படித்த பிள்ளையின் இடத்தைப் பறிப்பதா என்பார்கள். பறிக்கச் சொல்லவில்லை. அது முழுக்கத் தன் உழைப்பால் வந்தது என்ற நினைப்பைத்தான் கேள்வி கேட்கிறேன். அதில் பிறர் தலையின் பங்கும் உண்டு. பங்கென்றால் அதைத் திருப்பிச் செலுத்தும் கடமையும் உண்டு.

1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், 1945இல் வறிய முஸ்லிம் மாணவருக்கென உதவி நிதியம் ஒன்றை நிறுவினார். அவ்வழியில் நமது ஊர்களிலும் ஸகாத் பணத்தில் கெம்பஸ் போகும் பிள்ளைக்கு உதவுகிறோம், பொன்னாடையும் போர்த்துகிறோம். நல்லது. ஆனால் அந்த உதவி வழியின் கடைசியில் நிற்கிறது. நடுவழியில் நின்றுபோனவனை யாரும் விசாரிப்பதில்லை.

கட்டாயக் கல்வி வயது 2016இல் பதினாறாக உயர்ந்தது. அதற்குப் பின்னர்தான், ஒன்பதாம் ஆண்டில் என்னிடம் கணிதம் படித்த ஒரு பையன் வருவதை நிறுத்தினான். வாப்பாவுக்குச் சுகமில்லை, மூன்று தங்கச்சிமார். இரண்டு கிழமை கழித்து ஒரு புடைவைக் கடையில் கண்டேன்.

“சேர், நீங்க படிப்பிச்ச பின்னம் இப்பவும் ஞாபகம் இருக்கு. துணி அளக்க நல்லா உதவுது” என்றான், சிரித்துக்கொண்டு.

நான் இரண்டே கால் மீற்றர் வாங்கிக்கொண்டு வந்தேன். அவனுடைய வீட்டுக்கு ஒருநாளாவது போயிருக்கலாம். போகவில்லை.